கரும்பாலைச் சரக்கில் காளையைக் கொழுக்கவைத்தல்: சக்கை, மொலாசஸ், ஈஸ்ட், சேர்ப்பிகள் – எது தேறும், எது தேறாது

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் கரும்பு அரவை ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வரை ஓடுகிறது. அதே மாநிலத்தில் மே முதல் செப்டம்பர் வரை மழை குறைந்து மேய்ச்சல் நிலம் காய்ந்துவிடும். புல் தீர்ந்துபோகும் மாதங்களில் ஆலை வாசலில் சக்கை மலையாகக் குவிந்திருக்கும். பாரெட்டோஸ், ரிபெய்ராவ் பிரேட்டோ வட்டாரத்து இறைச்சி மாட்டுத் தொழுவங்கள் கரும்பாலைச் சரக்கின் பக்கம் சாய்ந்ததற்கு இந்தப் பொருத்தமே முதல் காரணம். அங்கே கட்டித் தீனி போடப்படுபவை பெரும்பாலும் நெலோர் காளைகள். நம் ஓங்கோல் மாட்டின் வழி வந்தவை. பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவின் பெயரோடு கப்பலேறியவை. 370, 380 கிலோவில் உள்ளே வந்து, சுமார் 100 நாளில் 520 கிலோவைத் தாண்டி வெளியேறுவது வழக்கமான கணக்கு.

அந்தத் தொழுவங்களுக்கு ஆலையிலிருந்து வரும் சரக்குகளையும் (சக்கை, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸ், சாராய நொதித்தலில் மிஞ்சும் ஈஸ்ட்), அவற்றோடு சிறிதளவில் கலக்கப்படும் மருந்து போன்ற தீவனச் சேர்ப்பிகளையும் இங்கே ஒவ்வொன்றாக எடைபோடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சக்கை நல்ல சரக்கு, ஆனால் சத்துக்காக அல்ல. காளையை அசைபோட வைப்பதற்காக வாங்கினால் அவ்வளவு மலிவாக வேறொன்று கிடைப்பது கடினம். வயிற்றை நிரப்பி எடை ஏற்றும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். ஆலைச் சரக்கில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகின்றன.

பச்சைச் சக்கை: 10க்கு 8

ஒரு டன் கரும்பை அரைத்தால் 250 முதல் 280 கிலோ சக்கை வரும், பாதி ஈரத்தோடு. உலர்பொருள் (ஈரத்தைக் கழித்த எடை) கணக்கில் கச்சா புரதம் 2 சதவீதத்தைத் தாண்டாது. செல்சுவர் நார் 80 முதல் 88 சதவீதம், அதற்குள் செரிக்கவே செரிக்காத லிக்னின் மட்டும் 10க்கு மேல். செரிமானம் 30 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட மோசமான தீவனம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் தொட்டியில் போடும் தீனியில் 80 சதவீதத்துக்கு மேல் தானியம், புண்ணாக்கு போன்ற அடர்தீவனமாக இருக்கும்போது, மீதியிடம் கேட்பது சத்து அல்ல, சொரசொரப்பு. சக்கை நார் விறைப்பானது, எளிதில் கரையாதது. கொஞ்சமாகப் போட்டாலும் மாட்டின் முதல் வயிறான பெருவயிற்றின் சுவரைத் தேய்த்து அசைபோட வைக்கும்; அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர்தான் மாவுச்சத்து கிளப்பும் அமிலத்தை அடக்குகிறது. அதே வேலையை மக்காச்சோள சைலேஜ் (குழியில் காற்றுப்புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) செய்யவேண்டுமென்றால் இரண்டு மடங்குக்கு மேல் போடவேண்டியிருக்கும். சைலேஜுக்கு நிலம், குழி, பிளாஸ்டிக் என்று செலவு தனி.

அளவு, உலர்பொருளில் 10 முதல் 15 சதவீதம். 8க்குக் கீழே இறங்கினால் சாணி இளகி, சாம்பல் நிறமாகி, குமிழி விடும். 18க்கு மேல் ஏறினால் நார் இடத்தை அடைத்துக்கொண்டு தினசரி எடைக்கூடுதலை இழுத்துவிடும். சிலர் பழக்கும் காலத்தில், அதாவது முதல் இரண்டு மூன்று வாரத்தில், சக்கையை 30, 35 சதவீதம் போட்டுத் தொடங்குகிறார்கள். வேண்டாம். இந்தக் கட்டத்தில் நார் அதிகம் வேண்டும் என்பது சரிதான். ஆனால் செரிக்காத சக்கையால் பெருவயிறு அடைத்துக்கொண்டால் மாடு போதுமான அளவு தின்னாது. தீனியில் அடர்தீவனம் கூடி சக்கை குறையும் நாளில் பசியோடு பாய்ந்து தின்று, பெருவயிற்றில் அமிலம் மிகும் அமிலநோயில் விழும். பழக்கும் காலத்தில் கூடுதல் நாரை வைக்கோல், உலர்ந்த புல், நறுக்கிய கரும்பு, சைலேஜ் இவற்றில் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டு, சக்கையை 12, 15லேயே வைப்பது நல்லது. நெலோர் மாட்டுக்குப் பழக்கும் காலத்தை 14 நாளுக்குக் கீழே குறைக்கவும் கூடாது.

வாங்கும்போது கேட்கவேண்டியவை சில. அரவை முடிந்து எத்தனை நாள் ஆயிற்று? புதுச் சக்கையில் 2, 3 சதவீதம் சர்க்கரை மிச்சம் இருக்கும்; குவியலில் அது புளித்துச் சூடேறும். உள்ளே கை வைக்க முடியாத சூடு, புகையிலை மாதிரி வாசனை, சாம்பல் பூத்த கட்டிகள் இருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடவேண்டும். பெரிய குவியல்கள் தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு. அடுத்தது மண். இயந்திர அறுவடை வந்த பிறகு கரும்பின் காய்ந்த இலையும் மண்ணும் கரும்போடு ஆலைக்குள் போகின்றன. சாம்பல் அளவு 2 முதல் 4 சதவீதம் இருந்தால் இயல்பு. அதற்கு மேல் போனால் மாட்டுக்கு மணலை விலைகொடுத்து வாங்குகிறீர்கள். மூன்றாவது விஷயம் வேலைக்காரர்களின் நுரையீரல். பூஞ்சை பிடித்துக் காய்ந்த பழைய சக்கையைக் கிளறும்போது பறக்கும் தூசியால் ‘பாகசோசிஸ்’ என்ற நுரையீரல் நோய் வரும். முகமூடி இல்லாமல் பழைய குவியலில் ஆளை இறக்கக்கூடாது.

இட வசதியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு காளை நாளொன்றுக்கு 10 கிலோ உலர்பொருள் தின்கிறது, அதில் 12 சதவீதம் சக்கை என்றால் 1.2 கிலோ உலர்பொருள், ஈரத்தோடு 2.4 கிலோ. 1,000 காளைக்கு 100 நாளில் 240 டன். தளர்வான சக்கை கனமீட்டருக்கு 120 கிலோ அளவுதான் நிற்கும். ஆக 2,000 கனமீட்டர் இடம். லாரியில் எடை நிரம்புவதற்கு முன் இடம் நிரம்பிவிடும், அதில் பாதி தண்ணீர். ஆலை 50, 60 கிலோமீட்டருக்குள் இல்லாவிட்டால் வாடகையே சரக்கின் விலையை விழுங்கிவிடும்.

ஈரம்: எல்லாச் சிக்கலும் இங்கேதான்

சக்கையை எடையால் போடுகிறோம், மாடு உலர்பொருளைத் தின்கிறது. இடையில் நிற்பது ஈரம். கீழே இருப்பது அந்த வட்டாரத்துக்கு ஏற்ற ஒரு சாதாரணக் கலவை, 100 கிலோ உலர்பொருளுக்கு: சக்கை 12, நன்றாக அரைத்த மக்காச்சோளம் 60, உலர்ந்த ஆரஞ்சுச் சக்கை 12, சோயாப் புண்ணாக்கு 5.5, மொலாசஸ் 5, ஆலை ஈஸ்ட் 2, யூரியா 1, தாது உப்பும் சுண்ணாம்புத்தூளும் 2.5. கச்சா புரதம் 13 சதவீதம் வரும். மக்காச்சோளத்தை நன்றாக அரைக்கவேண்டும் என்பதற்குக் காரணம், பிரேசிலில் விளைவது கண்ணாடி மாதிரி கெட்டியான ரகம். உடைத்துப் போட்டால் சாணியில் முழுசாகவே வரும்.

இதைத் தொட்டியில் போடும் எடைக்கு மாற்றினால், சக்கை 24 கிலோ, மக்காச்சோளம் 68, ஆரஞ்சுச் சக்கை 13.5, புண்ணாக்கு 6.2, மொலாசஸ் 6.7, ஈஸ்ட் 2.2, யூரியா 1, தாது உப்பு 2.5. மொத்தம் 124 கிலோ.

இப்போது குவியலின் மேல்பகுதி வெயிலில் காய்ந்து, ஈரம் 50லிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். ஓட்டுநர் அதே 24 கிலோவை அள்ளிப் போடுகிறார். உள்ளே போகும் உலர்பொருள் 12 அல்ல, 19.2. தீனியில் சக்கையின் பங்கு 18 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. மாடு தொட்டியைக் காலி செய்யாது, எடை ஏறாது, காரணமும் யாருக்கும் புரியாது. இது நட்டம் மட்டுமே. எதிர்ப்பக்கம் ஆபத்து. மழையில் நனைந்து ஈரம் 65 ஆகிவிட்டால், அதே 24 கிலோவில் உலர்பொருள் 8.4 தான். பங்கு 8.7 சதவீதத்துக்கு விழும். மழைக்கு அடுத்த இரண்டு மூன்று நாளில் அமிலநோய் வரும் தொழுவங்களில், மக்காச்சோளத்தைத் திட்டுவதற்கு முன் சக்கைக் குவியலின் ஈரத்தை அளந்து பார்க்கவேண்டும்.

அளப்பது பெரிய வேலை இல்லை. குவியலின் மூன்று நான்கு இடத்தில் எடுத்துக் கலந்து, 100 கிராம் நிறுத்து, மைக்ரோவேவ் அடுப்பில் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு, முதலில் மூன்று நிமிடம், பிறகு ஒவ்வொரு நிமிடமாக. எடை மாறாமல் நின்றதும் மிச்சம் எத்தனை கிராமோ அதுவே உலர்பொருள் சதவீதம். சக்கை சீக்கிரம் கருகும். அவசரப்பட்டு ஐந்து நிமிடம் ஒரேயடியாக வைத்தால் அடுப்பே போய்விடும். வாரம் இரண்டு முறை, மழை பெய்தால் அன்றே. தார்ப்பாய் போட்டு மூடி, நீர் வடியும் மேட்டில் குவித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வேகவைத்த சக்கை, அம்மோனியா, காஸ்டிக்: 10க்கு 4

நீராவி அழுத்தத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 17 கிலோ அளவில் சில நிமிடம் வைத்துத் திடீரென்று திறந்துவிட்டால் சக்கையின் நார் வெடித்துப் பிரியும். நாரின் ஒரு பகுதியான ஹெமிசெல்லுலோஸ் கரைந்து, செரிமானம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 1975இல் தொடங்கிய அரசின் எரிசாராயத் திட்டத்துக்குப் பிறகு ஆலைகளில் உபரிச் சக்கையும் உபரி நீராவியும் இருந்த காலத்தில் இது பரவலாகப் பேசப்பட்டது. குறை என்னவென்றால், எதற்காகச் சக்கையை வாங்கினோமோ அந்தச் சொரசொரப்பே போய்விடுகிறது. பழுப்பாக, மாவு மாதிரி, புளித்த மணத்தோடு வரும். அதை மட்டும் நாராக நம்பிக் கலவை போட்டால் மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். பச்சைச் சக்கையைச் சேர்த்தே ஆகவேண்டும். இன்று ஆலைகள் அந்த உபரியைக் கொதிகலனில் எரித்து மின்சாரமாக விற்றுவிடுகின்றன. அதனால் இந்தச் சரக்கு எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் மலிவில்லை. சக்கையின் விலையே இப்போது மின்கட்டணத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குகிறது.

யூரியா 4 சதவீதம் தெளித்து, அது அம்மோனியாவாகப் பிரியும்படி மூன்று நான்கு வாரம் மூடிவைப்பது வைக்கோலுக்கு நல்ல முறை. சக்கைக்குக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். சர்க்கரை மிச்சமிருக்கும் புதுச் சக்கையில் அம்மோனியாவும் சூடும் சேர்ந்தால் 4-மெத்தில் இமிடசோல் என்ற நச்சு உருவாகலாம். மாடு வெறிபிடித்தது போல் ஓடி வேலியில் மோதும். அம்மோனியா ஏற்றிய இனிப்புத் தீவனங்களில் இது நன்றாக அறியப்பட்ட விபத்து. காஸ்டிக் சோடா செரிமானத்தை உயர்த்தும், கூடவே தண்ணீர்க் குடியையும் மூத்திரத்தையும் உயர்த்தித் தொழுவத்தைச் சேறாக்கும். கையாளுபவரின் கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து. 12 சதவீதம் மட்டும் போடும் பொருளின் செரிமானத்தை ஏற்ற இவ்வளவு பாடு எதற்கு என்பதே நம் கேள்வி.

நறுக்கிய முழுக்கரும்பு வேறு கதை. அதில் உலர்பொருளில் 40, 50 சதவீதம் சர்க்கரை, புரதம் 2, 3 மட்டும். காம்பினாஸ் வேளாண் நிறுவனம் தீவனத்துக்கென்றே விட்ட ஐ.ஏ.சி. 86-2480 ரகம் இருக்கிறது. யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் 9க்கு 1 என்று கலந்து, 100 கிலோ கரும்புக்கு 1 கிலோ, 4 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது நெடுநாள் வழக்கம். முதல் வாரம் அதில் பாதி. தினமும் வெட்ட ஆள் வேண்டும். பெரிய தொழுவத்துக்கு அது ஒத்துவராது. சைலேஜாக அடைத்தால் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கிக் காற்றில் விட்டுவிடும். உலர்பொருளில் கால்வாசி காணாமல் போகும். லாக்டோபாசில்லஸ் புக்னேரி என்ற பாக்டீரியாவோ 1 சதவீதம் சுட்ட சுண்ணாம்போ சேர்க்காமல் கரும்பைக் குழியில் அடைப்பது வீண்.

மொலாசஸ்: விலையைப் பொறுத்து

உலர்பொருள் 75 சதவீதம், அதில் பெரும்பாதி சர்க்கரை. கலவையில் 4, 5 சதவீதம் போட்டால் தூசி அடங்கும், சக்கையும் யூரியாவும் மாவோடு ஒட்டும், மாடு நாரை ஒதுக்கிவிட்டு மாவை மட்டும் பொறுக்குவது நிற்கும். இதற்காக மட்டுமே கொடுத்தாலும் பணம் தகும். எரிசக்திக்காக 10 சதவீதத்துக்கு மேல் போட நினைத்தால் விலைக் கணக்கு போடவேண்டும். ஈரத்தையும் சத்தையும் கழித்துப் பார்த்தால் ஒரு கிலோ மொலாசஸ் ஒரு கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 70 சதவீதத்துக்குச் சமம். அந்த விலையைத் தாண்டினால் மக்காச்சோளமே லாபம். பிரேசில் ஆலைகளில் மொலாசஸின் பெரும்பகுதி நேரே எரிசாராயத்துக்குப் போவதால் விலை அடிக்கடி தாண்டித்தான் நிற்கும்.

மொலாசஸையே முதன்மைத் தீனியாக்கிய நாடு கியூபா. 1965இல் அங்கே தொடங்கப்பட்ட விலங்கு அறிவியல் நிறுவனத்தில் டி. ஆர். பிரெஸ்டன் குழு, 3 சதவீதம் அளவில் யூரியா கலந்த மொலாசஸை மாடு வேண்டுமட்டும் குடிக்கவிட்டு, பசுந்தீவனத்தை அளந்து கொடுத்து, கூடவே மீன்மாவு போன்ற உண்மைப் புரதமும் வைத்துக் காளைகளை வளர்த்துக் காட்டியது. முறை வேலை செய்தது. ஆனால் பசுந்தீவனம் ஒரு நாள் தவறினால் மொலாசஸ் நச்சு வந்தது. மாடு தள்ளாடி, பார்வை மங்கி, எச்சில் வடித்து நிற்கும். இன்றும் மொலாசஸ் அதிகம் போடுவோர் நினைவில் வைக்கவேண்டிய பாடம் அது. பொட்டாசியம் 3, 4 சதவீதம் இருப்பதால் சாணி இளகும், மெக்னீசியம் உறிஞ்சுவதும் குறையும்.

கையாளும் விதத்தில் இரண்டு தவறு சாதாரணம். குளிர்ந்த காலையில் இறங்கவில்லை என்று தண்ணீர் ஊற்றித் தொட்டியிலேயே இளக்கிவைப்பது ஒன்று. அது புளித்துப் பொங்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் இளக்கவேண்டும். மற்றது நேரடி நெருப்பில் சூடாக்குவது. 40 டிகிரி வெதுவெதுப்பு போதும். அதற்கு மேல் போனால் சர்க்கரை கருகத் தொடங்கும்.

ஆலை ஈஸ்ட்: நல்ல புரதம், கேட்கவேண்டிய கேள்வி ஒன்று

பிரேசில் வடிசாலைகள் நொதித்த ஈஸ்டைப் பிரித்தெடுத்து, கந்தக அமிலத்தில் கழுவி, மறுபடி தொட்டியில் போடுகின்றன. பெருகும் உபரியை அவ்வப்போது வெளியே எடுத்துச் சூடான உருளையில் காயவைத்து விற்கிறார்கள். கச்சா புரதம் 30 முதல் 40 சதவீதம். சோயாப் புண்ணாக்கின் ஒரு பகுதிக்கு மாற்றாக 2, 3 சதவீதம் போடலாம். இது செத்த ஈஸ்ட். இதை ‘பெருவயிற்றைச் சீராக்கும்’ உயிர் ஈஸ்ட் என்ற பேரில் விற்றால் நம்பவேண்டாம். உயிர் ஈஸ்ட் என்றால் பையில் ஒரு கிராமுக்கு எத்தனை உயிரணு என்று போட்டிருக்கும். காய்ச்சாத ஈரக் குழம்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று நேரே தொட்டியில் ஊற்றுவது வயிறு உப்புசத்துக்கு வழி.

கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: நொதித்தலில் பாக்டீரியாவை அடக்க ஆலை என்ன மருந்து பயன்படுத்தியது? வடிசாலைகளில் மொனென்சினும் வர்ஜினியாமைசினும் இந்த வேலைக்குப் பயன்பட்டிருக்கின்றன. காய்ந்த ஈஸ்டில் அவற்றின் மிச்சம் தங்க வாய்ப்பு உண்டு. காளைக்கு அது பெரிய விஷயமில்லை, எப்படியும் தீனியில் மொனென்சின் போடுகிறோம். தொழுவத்தைச் சுற்றிவரும் ஆட்களின் குதிரைக்கு அதே ஈஸ்டைத் தவிட்டோடு கலந்து வைத்தால், மொனென்சின் தாங்காத குதிரையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கந்தகமும் கணக்கில் வரவேண்டும். அமிலத்தில் கழுவிய ஈஸ்ட், மொலாசஸ், யூரியாவோடு சேர்த்த அம்மோனியம் சல்பேட், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் கந்தகம் கொண்டுவருபவை. அடர்தீவனம் மிகுந்த தீனியில் மொத்தம் 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மூளை வீங்கும். மாடு சுவரில் தலையை முட்டிக்கொண்டு, கண் தெரியாமல், வானத்தைப் பார்த்தபடி நிற்கும். உடனே கால்நடை மருத்துவரிடம் தயாமின் (வைட்டமின் பி1) ஊசிக்குப் போகவேண்டும்.

பிரஸ்மட் (சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் கசடு), வடிசாலைக் கழிவுநீர் இரண்டையும் தீவனமாகப் பேசுவோர் உண்டு. முன்னதில் மண்ணும் மெழுகும், பின்னதில் பொட்டாசியம். வயலுக்குப் போகட்டும்.

சேர்ப்பிகள்

மொனென்சின் (எலான்கோ நிறுவனத்தின் ‘ருமென்சின்’ என்பது நெடுநாள் விற்பனைப் பெயர், அமெரிக்காவில் 1975 முதல் மாட்டுக்கு அனுமதி) இல்லாமல் இந்தத் தீனியை யோசிப்பது கடினம். பெருவயிற்றில் சில பாக்டீரியாக்களை அடக்கி, மீத்தேனாக வீணாகும் சக்தியை, மாடு பயன்படுத்திக்கொள்ளும் புரோபியோனேட்டாகத் திருப்புகிறது. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் தீனியைக் குறைத்து எடையைக் காத்து, தீவனத் திறனைச் சுமார் 6 சதவீதம் உயர்த்தியது. அடர்தீவனம் நிரம்பிய இன்றைய தீனிகளில் அந்த லாபம் குறைவு. அதன் பெரிய உபயோகம், மாட்டை அரக்கப்பரக்கத் தின்னவிடாமல் சிறுகச் சிறுகத் தின்னவைப்பது. சக்கை குறைவாகப் போடும் தீனிக்கு அதுவே காவல்.

அளவு, உலர்பொருள் கிலோவுக்கு 25 முதல் 30 மி.கி. 27 என்று வைத்தால் ஒரு டன்னுக்கு 27 கிராம் மருந்து, 10 சதவீதப் பொடியில் 270 கிராம். ஒரு டன்னில் 270 கிராமை நேரே கொட்டினால் ஒரு மூலையில் குவிந்துவிடும். முதலில் 5 கிலோ மாவில், பிறகு தாது உப்புக் கலவையில், பிறகு வண்டியில் என்று மூன்று படியாகக் கலக்கவேண்டும். தாது உப்புப் பையில் ஏற்கனவே மொனென்சின் இருக்கிறதா என்று பார்க்காமல் தனியாகவும் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. மிகையானால் முதலில் தீனி மறுக்கும், கழியும், பிறகு இதயம் தளர்ந்து சாகும். மாற்று மருந்து கிடையாது. குதிரைக்கு உடல் எடை கிலோவுக்கு 2, 3 மி.கி.யே உயிரைக் குடிக்கும். மொனென்சின் கலந்த வண்டியில் குதிரைத் தீனியைக் கலக்கவே கூடாது, தொட்டி ஓரம் குதிரையைக் கட்டவும் கூடாது.

வர்ஜினியாமைசின் லாக்டிக் அமிலம் செய்யும் பாக்டீரியாக்களைக் குறிவைக்கிறது. கிலோவுக்கு 15 முதல் 25 மி.கி. மொனென்சினோடு சேர்த்துப் போடுவது பிரேசிலில் சாதாரணமாக இருந்துவந்தது. வேலை செய்யும் பொருள்தான். ஆனால் மனிதருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோகிராமின் மருந்துகளின் குடும்பம் இது. எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமி உருவாகும் கவலை நியாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதை 2006 முதல் முழுதாகத் தடுத்துவிட்டது. ஈரம் அளந்து, பழக்கும் காலத்தை ஒழுங்காக நடத்தி, தொட்டி நேரம் தவறாத தொழுவத்துக்கு இது தேவைப்படாது என்பது நம் கருத்து. அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் இதை ஊன்றுகோலாக வைத்திருக்கிறார்கள்.

வாசனை எண்ணெய்க் கலவைகள் மொனென்சினுக்கு மாற்றாக வருகின்றன. மாவுச்சத்தை உடைக்கும் நொதியான ஆல்பா அமைலேஸோடு சேர்ந்தவை நெலோர் மாடுகளில் தின்னும் அளவைக் கூட்டி எடை ஏற்றியதுண்டு. மொனென்சின் தீனியைக் குறைத்து லாபம் தரும், இவை தீனியைக் கூட்டி லாபம் தரும். மக்காச்சோளம் மலிவாக இருக்கும் ஆண்டில் இது பொருந்தும். சமையல் சோடா 0.75 முதல் 1 சதவீதம், பழக்கும் காலத்துக்கு மட்டும் போதும். உயிர் ஈஸ்ட் வெயில் காலத்தில், கூட்டம் மாற்றும் நாட்களில் சிறிது உதவும். சக்கையைச் செரிக்கவைக்கும் என்று விற்கப்படும் நார் நொதிகளுக்குப் பணம் கொடுக்கவேண்டாம். 12 கிலோ சக்கையில் செரிமானம் 3, 4 புள்ளி ஏறினாலும் அரைக் கிலோ மக்காச்சோளத்துக்கு மேல் மிச்சமாகாது.

வண்டியில் போடும் வரிசை

லேசான சக்கையைக் கடைசியில் போட்டால் மேலே மிதந்து கலக்காது. முதலில் மக்காச்சோளத்தில் பாதி, பிறகு சக்கை, பிறகு ஆரஞ்சுச் சக்கையும் புண்ணாக்கும், அதன்மேல் மொனென்சின் கலந்த தாது உப்பும் யூரியாவும், மீதி மக்காச்சோளம், முடிவில் மொலாசஸ். கடைசிப் பொருள் விழுந்தபின் 4, 5 நிமிடம் கலக்கினால் போதும். யூரியா கட்டியாக இருந்தால் உடைத்துச் சலித்தே போடவேண்டும். தொட்டியில் மழைநீர் தேங்கி யூரியா கரைந்து நின்றால், அதைக் குடிக்கும் முதல் மாடு நடுங்கி, வயிறு உப்பி, சில நிமிடத்தில் விழும். விழுந்துவிட்டால் வினிகரையும் குளிர்ந்த தண்ணீரையும் லிட்டர் கணக்கில் வயிற்றுக்குள் செலுத்துவதே முதலுதவி. தொட்டிக்கு அடியில் நீர் வடியத் துளை இருக்கவேண்டும்.

கலவை சரியா என்று பார்க்க, தொட்டியின் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் ஒரு கை அள்ளி 8 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துப் பாருங்கள். மேலே நிற்கும் நாரின் அளவு மூன்றிலும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். மாலையில் தொட்டியில் சக்கை மட்டும் மிச்சம் கிடந்தால் மாடு பொறுக்கித் தின்கிறது. மொலாசஸைக் கொஞ்சம் கூட்டலாம், அல்லது கலவையில் 3, 4 சதவீதம் தண்ணீர் தெளிக்கலாம்.

தமிழ்நாட்டில் எருமைக் கடாவையோ கிடாயையோ கொழுக்கவைப்போர் இதில் எதை எடுத்துக்கொள்ளலாம்? இங்கே ஆலைச் சக்கை கொதிகலனுக்கும் கரூர் புகளூர்க் காகித ஆலை போன்ற இடங்களுக்கும் போய்விடுகிறது. மொலாசஸைப் பெரிய அளவில் வாங்கி வைக்கவும் ஏற்றிச் செல்லவும் மதுவிலக்குத் துறையின் அனுமதி வேண்டும். ஆனால் பிரேசில் இயந்திரம் வயலிலேயே சிதறவிடும் ஒரு பொருள் இங்கே கைவெட்டு அறுவடையில் கட்டுக்கட்டாக வரப்பில் கிடக்கிறது. கரும்புத் தோகையில் புரதம் சக்கையைவிட இரண்டு மடங்குக்கு மேல், செரிமானமும் கூடுதல். பச்சையாக, விரற்கடை அளவுக்கு நறுக்கி, அடர்தீவனத்தோடு உலர்பொருளில் 25 முதல் 30 சதவீதம் கலக்கலாம். ஈரம் 70 சதவீதத்தைச் சுற்றி இருப்பதால், மேலே சொன்ன எடைக் கணக்கை அதற்கேற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளவேண்டும்.